கொஞ்சம் நல்ல ரூமா பார்த்துக் கொடுங்க

ஹோட்டல் ரிசப்ஷனில் நம்மில் பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். ஆதார் அட்டையை நீட்டும்போதே, "தம்பி, கொஞ்சம் நல்ல ரூமா பார்த்துக் கொடுங்க" என்போம். அவரும் "பார்க்கலாம் சார்" என்பார். அப்புறம் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த சாவியே கைக்கு வரும்.

நூற்பாலை மெஷின்களுக்கு சர்வீஸ் செய்வது என் வேலை. 16 வருஷமாகக் கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். மாதத்தில் 10, 12 ராத்திரி ஹோட்டல் ரூமில்தான் தூக்கம். முதல் சில வருஷங்கள் நானும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஏன் வேலைக்கு ஆகாது என்பதைக் கோயம்புத்தூரில் ஒரு ரிசப்ஷன்காரர்தான் புரியவைத்தார்.

அன்றைக்கு மில்லில் வேலை முடியும்போது இரவு 11 மணி. கொடுத்த ரூம் முதல் மாடியில், சமையலறைப் புகைபோக்கியின் ஃபேனுக்கு நேர் மேலே. அது நின்றபோது மணி ஒன்றரை. மறுநாள் அந்த ஹோட்டலின் ஹாலில் கல்யாணம். விடியற்காலை 4 மணிக்கே கீழே அண்டா உருட்டத் தொடங்கிவிட்டார்கள். காலி செய்யும்போது கவுன்டரில் நின்று பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நைட்டே ஒரு போன் பண்ணியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பேனுங்க சார். மேல மூணு ரூம் சும்மாதான் கிடந்துச்சு" என்றார்.

"வரும்போதே நல்ல ரூம் கொடுங்கன்னு சொன்னேனே?"

"நல்ல ரூம்னுதானுங்க எல்லாருமே கேக்கறாங்க. ஒருத்தருக்கு ஜன்னல் வேணும், ஒருத்தருக்கு ஜன்னலே ஆகாது. லிஃப்ட் பக்கத்துல வேணும்பாங்க, தள்ளி வேணும்பாங்க. உங்களுக்கு எது நல்ல ரூம்னு சொன்னாத்தானுங்க எனக்குத் தெரியும்."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவரும் ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடையில் அரை மணி நேரம் நின்று பேசினோம். ஹோட்டல் கவுன்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாம் கவுன்டருக்கு வந்த பிறகுதான் ரூமைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. பெரும்பாலான ஹோட்டல்களில் காலையிலேயே அன்று வருகிறவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பெயருக்கு எந்த நம்பர் என்று ஒதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் கம்பெனி ஒப்பந்தத்தில் அடிக்கடி வருகிறவர்கள், அப்புறம் மெம்பர்கள், அப்புறம் நாலைந்து நாள் தங்குகிறவர்கள். ஒரு ராத்திரிக்கு, ஏதோ ஒரு ஆப்பில் கிடைத்த அடிமட்ட விலையில் புக் செய்தவர் கடைசியில் வருவார். மிச்சமிருக்கிற ரூம் அவருக்கு.

அதனால் இப்போதெல்லாம் போய்ச் சேருகிற அன்று காலை 10, 11 மணிவாக்கில் ஹோட்டலுக்கே போன் போட்டுவிடுகிறேன். பழைய ஆட்கள் காலி செய்துகொண்டிருக்கும் நேரம் அது. "இன்னைக்கு என் பேர்ல ஒரு ரூம் இருக்கு. சாயங்காலம் 5 மணிக்கு வருவேன். கிச்சன், ஹால் சத்தம் இல்லாம மேல் மாடியில கிடைச்சா உதவியா இருக்கும்" என்று சொன்னால் போதும். பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொள்வார்கள். முதல் நாளே சொன்னால் பல நேரம் மறந்துபோகிறது. நேரில் போய்ச் சொல்லும்போதோ, சாவி பாதி கைமாறியிருக்கும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. விலை குறைந்த ரூம்கள்தான் முதலில் விற்றுத் தீரும். அப்புறமும் அந்த விலையில் ஆள் வந்தால், பல ஹோட்டல்கள் இருப்பதைவிடக் கூடுதலாகவே புக்கிங் எடுத்துக்கொள்ளும். மேல் வகுப்பு ரூம்கள் காலியாக இருக்கின்றன என்ற தைரியம். அன்று சாயங்காலம் யாரையாவது ஒரு படி மேலே ஏற்றியே ஆகவேண்டும். அப்படி ஏற்றும்போது ரிசப்ஷன்காரரின் மனதுக்கு வருவது, காலையில் போன் செய்து மரியாதையாக ஒன்று கேட்டவரின் பெயர். அப்கிரேடு என்பது நமக்குப் போடுகிற பிச்சை என்ற நினைப்பு அன்றோடு எனக்குப் போயிற்று. சில நாட்களில் அது அவர்களுக்கே தேவைப்படுகிறது. கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கவுன்டரில் இருப்பவரின் கை எவ்வளவு நீளும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டீலக்ஸ் எடுத்தவரை அதற்கு அடுத்த வகுப்புக்கு மாற்றுவது பெரும்பாலும் அவராலேயே முடியும். தனி ஹாலோடு இருக்கிற சூட் ரூம் என்றால் டூட்டி மேனேஜரைக் கேட்க வேண்டும். அவரிடம் இல்லாத அதிகாரத்தை வைத்து அவரை நெருக்கினால், கொடுக்க முடிந்ததும் கிடைக்காமல் போய்விடும். அதேபோல மதியம் 12 மணிக்கே போய் நின்றால், ஹவுஸ்கீப்பிங் சுத்தம் செய்து முடித்த ரூமே நாலைந்துதான் இருக்கும். அதில் ஒன்றுதான் நமக்கு. ராத்திரி 10 மணிக்குப் போனால் நல்லதெல்லாம் போயிருக்கும். 3 மணியிலிருந்து 6 மணிக்குள் போவது எனக்கு நன்றாக ஒத்துவருகிறது. பின்னால் வரிசை நிற்கும்போது மட்டும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. பத்து பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒருவருக்கு மட்டும் மேல் ரூம் கொடுக்க யாருக்கும் வாய் வராது. "அவங்களை முதல்ல பாருங்க, நான் உட்காருறேன்" என்று சோபாவில் பத்து நிமிஷம் இருந்துவிட்டு எழுந்து போய்ப் பேசியிருக்கிறேன். நல்ல பலன்.

எந்த நாளில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். இதற்கு நாள்காட்டியில் கிழமையையும் முகூர்த்தத்தையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். திருப்பூர், கோவை மாதிரி வியாபார ஊர்களில் திங்கள் முதல் வியாழன் வரை ஹோட்டல்கள் நிறையும். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஊருக்குக் கிளம்புவார்கள். ஞாயிறு ராத்திரி வெறிச்சென்று கிடக்கும். திங்கள் காலை வேலை என்றால் ஞாயிறு சாயங்காலமே போய் இறங்கிவிடுவேன், கேட்டது பெரும்பாலும் கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் அப்படியே தலைகீழ். சனி, ஞாயிறு நெருக்கும், செவ்வாய், புதன் காற்றாடும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே அப்கிரேடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் கல்யாணம். ஹால் வைத்திருக்கிற ஹோட்டலில் முகூர்த்த நாளன்று மாப்பிள்ளை வீட்டுக்கு இருபது ரூம், பெண் வீட்டுக்கு இருபது ரூம் போனால் மிச்சம் என்ன இருக்கும்? ஆடியிலும் மார்கழியிலும் அதே ஹோட்டல்களில் ரூம் தாராளம். ஆனால் கோயில் ஊர்களுக்குத் தனிக் கணக்கு. திருவண்ணாமலையில் பௌர்ணமி, மதுரையில் சித்திரைத் திருவிழா, கன்னியாகுமரியில் கார்த்திகை, மார்கழி முழுக்க ஐயப்ப பக்தர்கள். அந்த நாட்களில் புக் செய்த ரூம் ஒழுங்காகக் கிடைத்தாலே சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

மெம்பர்ஷிப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சங்கிலி ஹோட்டல்களில் அது நிஜமாகவே வேலை செய்கிறது. மேரியட் போன்வாய் திட்டத்தில் வருஷத்துக்கு 50 ராத்திரி தங்கி பிளாட்டினம் ஆனவருக்கு, காலியிருந்தால் சில சூட் ரூம்கள் வரை மேலே மாற்றித் தருவதாக விதியிலேயே இருக்கிறது. நான் தங்குகிற ஹோட்டல்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அங்கே திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவதும், ஆப்பை விட்டுவிட்டு நேரே ஹோட்டலிலேயே புக் செய்வதும்தான் மெம்பர்ஷிப். ஆப்பில் முன்பணம் முழுக்கக் கட்டிவிட்டால், ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட "நீங்க அவங்ககிட்டதான் பேசணும் சார்" என்ற பதில் வரும். ஆப் விலையைச் சொல்லி, "நேரா எடுத்தா என்ன கொடுப்பீங்க?" என்று கேட்டால், அதே விலைக்கு ஒரு படி மேல் ரூம் தருகிற ஹோட்டல்கள் உண்டு. ஆப்புக்குப் போகிற கமிஷன் அவர்களுக்கு மிச்சம்.

மேல் ரூம் என்பதாலேயே நல்ல ரூம் ஆகிவிடாது. இதை மதுரையில் கற்றேன். அப்பா, அம்மாவை மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆடி மாதம், ஹோட்டல் காலி. கேட்டதும் சூட் ரூமே கொடுத்துவிட்டார்கள். உள்ளே தனி ஹால், சோபா, பூச்சாடி. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மா குளியலறைக்குள் போனவர் கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். குளிக்கத் தொட்டிதான் இருந்தது. ஷவரும் அதற்குள்ளேதான். தொட்டிச் சுவர் முட்டிக்கு மேலே வந்தது. பிடித்து ஏறச் சுவரில் ஒரு கம்பிகூட இல்லை. அம்மா ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு, சேலைக் கொசுவத்தை இன்னொரு கையால் தூக்கி, ஒரு காலை உயர்த்திப் பார்த்திருக்கிறார். வரவில்லை. "நான் நாளைக்கு ஊருக்குப் போய்க் குளிச்சுக்கிறேன்ப்பா. நீ போய் ஒண்ணும் சொல்லாதே, பாவம், ஆசையாக் கொடுத்திருக்காங்க" என்றார்.

அந்தக் குளியலறை வாசலில் நின்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் கேட்டது யாருக்காக? கீழே போய் விஷயத்தைச் சொன்னேன். பழைய டீலக்ஸ் ரூமையே திரும்பக் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை. அதில் ஷவர் தரையோடு தரையாக இருந்தது. அம்மா அன்றைக்கு ராத்திரியே குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினார்.

அதிலிருந்து, பெட்டியை ரூமுக்குள் வைப்பதற்கு முன்னால் நான் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுவேன். குளியலறைத் தரை, படி, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, ஏசியைப் போட்டால் என்ன சத்தம் வருகிறது. இரண்டு நிமிஷம்தான் ஆகும். பெட்டியைத் திறந்து, கட்டிலில் உட்கார்ந்துவிட்டால் அந்த ரூம் அவர்களுக்குத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டிய ரூம். அப்புறம் மாற்றிக் கேட்பது அவர்களுக்கும் சிரமம்.

பணம் கட்டி மேலே போகச் சொல்வதும் உண்டு. "சார், 800 ரூபாய் மட்டும் சேர்த்துக் கொடுத்தீங்கன்னா பள்ளத்தாக்கு தெரியற ரூம் தரேன்" என்று ஊட்டியில் கேட்டார்கள். நான் எடுத்திருந்தது 7,000 ரூபாய் ரூம். கேட்க மலிவுதான். ஆனால் 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. என் 7,000 ரூபாய் ரூமுக்கு வரியோடு 7,350. அந்த 800-ஐச் சேர்த்தால் 7,800, வரியோடு 9,204. ஆக 800 ரூபாய் அப்கிரேடுக்கு நான் கொடுக்க வேண்டியது 1,854 ரூபாய். கவுன்டரில் இருந்தவரும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமாம் சார், நான் இதை யோசிக்கலை" என்றார். அப்புறம் 7,500-க்குள் அடங்குகிற மாதிரி 500 ரூபாய்க்கே அந்த ரூமைக் கொடுத்தார். வரியோடு எனக்குக் கூடுதலானது 525 ரூபாய். எப்போதும் "வரியெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கூடும்?" என்று கேட்டுவிடுங்கள். காலை டிபன் அந்த ரூமுக்கும் உண்டா, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு அதே காசுதானா என்பதையும். ஃப்ரீ என்று வாயால் சொன்னால், கையெழுத்துப் போடுகிற ரெஜிஸ்ட்ரேஷன் கார்டில் பழைய வாடகையே எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலி செய்யும்போது ஷிப்ட் மாறி வேறு ஆள் இருப்பார், அவருக்கு நம் பேச்சு தெரியாது.

கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருவர், "கல்யாண நாள்னு சொல்லு, கண்டிப்பாக் கிடைக்கும்" என்பார். நான் சொன்னதில்லை. சொன்னால் ராத்திரி கேக் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள், படுக்கையில் பூ போட்டு வைப்பார்கள். சம்பளத்துக்கு மேல் மனசையும் சேர்த்துச் செய்கிற வேலை அது. அதைப் பொய்யால் வாங்க எனக்கு மனசு வரவில்லை. நிஜமாகவே கல்யாண நாள் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் லாஸ் வேகஸ் பக்கம் லைசென்ஸுக்கும் கிரெடிட் கார்டுக்கும் நடுவில் 20 டாலர் நோட்டை மடித்து வைத்து நீட்டுகிற பழக்கம் உண்டு. நம் ஊரில் கேமராவுக்குக் கீழே நிற்கிற ஒரு பையனிடம் அதைச் செய்தால் அவன் வேலைக்கே ஆபத்து. அதற்குப் பதில், உதவி செய்தவரின் பெயரைச் சட்டை பேட்ஜில் பார்த்து வைத்துக்கொண்டு, கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். பல ஹோட்டல்களில் மேலதிகாரிகள் அதைப் பார்க்கிறார்கள்.

ஏசி ஓடவில்லை, வெந்நீர் வரவில்லை, ஃப்ளஷ் வேலை செய்யவில்லை என்பதையெல்லாம் இதோடு சேர்க்காதீர்கள். அங்கே கெஞ்சவே வேண்டியதில்லை. காசு கொடுத்த பொருள் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று நேராகக் கேட்பதுதான் முறை. ராத்திரி எத்தனை மணியானாலும் அப்போதே கேட்க வேண்டும், என்னைப் போலக் காலையில் அல்ல.

போன வருஷம் ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெற்றோரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன். காலையிலேயே போன் செய்திருந்தேன். கவுன்டரில் சின்னப் பெண், இருபத்து மூன்று, நாலு வயதுதான் இருக்கும்.

"அம்மாவுக்கு முட்டி வலிம்மா. லிஃப்ட்டுக்குப் பக்கத்துல, பாத்ரூம்ல படியோ தொட்டியோ இல்லாத ரூம் வேணும். அதுதான் முக்கியம். அதுலயே கடல் பக்கம் ஏதாவது காலியிருந்தா, உங்களால முடிஞ்சா பாருங்க. முடியலைன்னா பரவாயில்லை."

இந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் எப்போதும் சொல்லிவிடுவேன். முடியாது என்று சொல்ல வழி விட்டால்தான் எதிரில் இருப்பவர் முகம் தளர்ந்து யோசிக்கத் தொடங்குவார். அந்தப் பெண் எட்டிப் பார்த்தது. அம்மா சோபாவின் கைப்பிடியைப் பிடித்தபடி, மெதுவாக உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே ஸ்கிரீனில் நம்பர்களை ஓட்டியது. போனை எடுத்து, "அக்கா, நானூத்தி எட்டு ரெடியாயிட்டா? பாத்ரூம்ல படி இல்லல்லா?" என்று கேட்டது. அப்புறம் என்னிடம், "சார், கடல் பக்கமே இருக்கு. ஒரு இருபது நிமிஷம் ஆகும், தொடைச்சுட்டு இருக்காங்க. அம்மாவுக்குக் காப்பி சொல்லட்டா?"

மறுநாள் ஐந்தரை மணிக்கு அம்மா என்னை எழுப்பிவிட்டார். ஆடிக் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. மேகம் இருந்ததால் சூரியன் தண்ணீரிலிருந்து எழுவது தெரியவில்லை. விவேகானந்தர் பாறைக்கு மேலே வானம் முதலில் சாம்பலாக, பிறகு செம்பாக மாறியது. 133 அடி வள்ளுவர் சிலை கறுப்பாக நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் நிறத்துக்கு வந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரை வரை இறங்கி நடக்க வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "அம்மாவுக்கு வேண்டியதை எங்க பேர்ல குறிச்சு வைக்க முடியுமா? திரும்ப வருவோம்" என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏறும் என்று சொல்லி டைப் செய்தது. லிஃப்ட் பக்கம், படி இல்லாத பாத்ரூம், முடிந்தால் கிழக்கு.

மார்கழியில் மறுபடி போனோம். மாலை போட்ட சாமிகள் ஹோட்டல் முழுக்க. அந்தப் பெண் அன்றைக்கு டூட்டியில் இல்லை. கவுன்டரில் இருந்தவர் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "கடல் பக்கம் ஒண்ணும் இல்ல சார், எல்லாம் ஃபுல். ஆனா அம்மாவுக்குள்ளத எடுத்து வெச்சிருக்கோம்" என்றார். இரண்டாவது மாடி, லிஃப்டிலிருந்து மூன்றாவது கதவு. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அம்மா நேரே போய்க் குளியலறைக் கதவைத் திறந்து தரையைப் பார்த்தார். திரும்பி வந்து, பையிலிருந்து மாற்றுச் சேலையை எடுத்து வைத்தார்.